போட்டோ இலை

சாப்பாட்டு விஷயத்தில் நான் பொல்லாதவன். என் கையால் ஆக்கிய சாம்பாரையே நாலு தடவை குறை சொல்லிவிட்டுத்தான் பந்திக்கு அனுப்புவேன். வாலாஜாபாத்தில் சமையல் மாஸ்டர் ராஜாராம் என்றால் முப்பது வருஷமாக அது நான்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால் போதும், உப்பு எவ்வளவு, புளி பழசா புதுசா, தாளிப்பு எத்தனை நிமிஷம் முன்னால் போட்டது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு நாக்கு இருந்தது என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தை மாதம், வியாழக்கிழமை. அந்த ஞாயிறு என் மகள் பூஜாவுக்கு நிச்சயதார்த்தம். ஒரே மகள். "வேற மாஸ்டர வெச்சிக்கலாமே சம்பந்தி, நீங்க பொண்ணுக்கு அப்பாவா ஒக்காருங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் மகள் விசேஷத்தில் அடுத்தவன் கரண்டியா? முந்நூறு பேருக்கும் நானே ஆக்குகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன்.

வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க மச்சான் வெங்கடேசனின் கடைக்குப் போனேன். என் மனைவி சசிரேகாவுக்குத் தம்பி. உத்திரமேரூர் பக்கம், காவாந்தண்டலம் தாண்டி, செய்யாற்றங்கரையில் சொந்த நிலத்தில் கடை போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. 'ரிவர் பீச் கஃபே' என்று பலகை. நம் ஊரில் பீச்சா என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். நேரில் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மழைக்காலம் முடிந்து ஆறு நிறைய தண்ணீர். கரையெல்லாம் வெள்ளை மணல். மணல்மேல் ஓலைக் குடைகள், குடைக்குக் கீழே மேசைகள். காற்று வேறு. மெட்ராஸ்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வருவதில் தப்பே இல்லை.

மதியம் ஒரு மணி. எட்டு மேசையில் இரண்டில்தான் ஆள் இருந்தது.

"இன்னா மச்சான், ஈ ஓட்டிக்கினு கீறே?"

"வா மாமா. மொதல்ல துன்னு. அப்பறம் பேசிக்கலாம்" என்றான். முகம் செத்துப் போயிருந்தது.

இலை போட்டார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆவி பறக்கும் சோறு, முருங்கைக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பளம். சாம்பாரில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

உப்பு குறைவு, காரம் குறைவு என்றால் அது வேறு. இதில் எதுவுமே இல்லை. வத்தக்குழம்பு சிவப்பாக இருந்தது, எண்ணெய் மிதந்தது, நாக்கில் வெந்நீராக இறங்கியது. வறுவலைக் கடித்தால் மொறுமொறு சத்தம் மட்டும் கேட்டது. பாயாசமும் அப்படியே. பக்கத்து மேசையில் ஒரு ஜோடி ஆற்றைப் பின்னால் வைத்து ஐம்பது போட்டோ எடுத்தார்கள், நாலு வாய் சாப்பிட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

"இன்னா எழவு மச்சான் இது? இத்த மனுசன் துன்னுவானா?"

"ரெண்டு வாரமா இப்டித்தான் கீது மாமா. பேஜாரா பூடுச்சி. மொத மூணு மாசம் எடம் பத்தாது, ஜனம் நின்னுக்கினு இருக்கும். அப்பவும் இதே பவளம்தான் சமையலு. இப்ப வேணும்னே கெடுக்குறாளோன்னு ஒரு சந்தேகம். எவனாவது தூண்டி வுட்டுருப்பான். நீ கொஞ்சம் கவனிச்சி சொல்லு. இல்லன்னா இன்னிக்கே அவள நிறுத்திடறேன்."

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குள் போனேன்.

பவளத்துக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாதவள். அவள் முகத்தில் ஏதோ ஒளிந்திருந்தது, அதை நான் உடனே பார்த்துவிட்டேன். புளிப் பானை, மிளகாய்த்தூள் டப்பா, பருப்பு மூட்டை ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தேன். எல்லாம் நல்ல சரக்கு. அவள் ஆக்கி வைத்த சாம்பாரில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்.

அப்படியானால் என் இலையில் விழுந்தது என்ன?

நானே ரசம் வைத்தேன். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மிளகு சீரகம் தட்டி, தக்காளி கரைத்து, நெய்யில் தாளித்து இறக்கினேன். அடுப்படியில் ருசி பார்த்தேன். என் ரசம், அதில் குறை வருமா? கிண்ணத்தில் ஊற்றி, யார் கையிலும் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு மணலில் நடந்தேன். இருபது அடி இருக்கும். மேசையில் வைத்து ஒரு வாய் குடித்தேன்.

வெந்நீர்.

திரும்பிப் பார்த்தேன். பவளம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை என்மேல் இல்லை. தண்ணீரோரத்தில் தனியாக ஒரு மேசை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். போட்டோ எல போடற மேச."

வெங்கடேசன் விளக்கினான். கடை திறந்த நாளில் இருந்து அவன் செய்கிற விளம்பரமாம் அது. ஆற்றை ஒட்டிய அந்த மேசையில் முழுச் சாப்பாடும் பரிமாறிய இலை ஒன்றைத் தினமும் வைப்பது. சாப்பிட அல்ல, படம் எடுக்க. 'இங்கே உட்கார வேண்டாம்' என்று சின்னப் பலகை வேறு. முதல் மூன்று மாதம் காலை பதினொரு மணிக்கே வைத்தார்கள். சாயங்கால வெயிலில் படம் இன்னும் நன்றாக வருகிறது என்று இரண்டு வாரமாக ஐந்தரைக்கு மாற்றியிருக்கிறான். மதியம் மிஞ்சியதையே இலையில் போட்டால் சோறும் வீணாகாது.

"காலைல மொத எலையா போட்டுக்கினு இருந்த வரைக்கும் ஒரு கொறையும் இல்ல மாஸ்டர்" என்று பவளம் என்னிடம் மெல்லச் சொன்னாள். "நீங்க சொன்னா ஓனரு கேப்பாரு. பழையபடி காலைலயே போடச் சொல்லுங்க."

சமையலைப் பற்றிக் கேட்டால் இலையைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெங்கடேசன் நாலு மணிக்குக் காஞ்சிபுரம் காய்கறிக்குக் கிளம்பினான். நான் ஓலைக் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மறைவாக உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்குப் பவளம் இலையோடு போனாள். அவள் போட்ட விதத்தைப் பார்த்தே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பந்தியில் லட்சம் இலை போட்டவன் நான். நுனி தெற்கே பார்த்து இருந்தது. ஓரத்தில் உப்பு வைக்கவில்லை. சோற்றைக் குவித்தாள், குழம்புகளைச் சுற்றி வைத்தாள், ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

அந்தக் காற்றில் வந்த வாசனையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மதியம் செத்துக் கிடந்த அதே சாம்பார்தான். பெருங்காயம், முருங்கைக்காய், வெந்தயம் என்று தனித்தனியாக மூக்கில் ஏறியது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆக, படத்துக்கு வைக்கிற இலைக்கு மட்டும் தனியாக ஆக்குகிறாள், சாப்பிட வருகிறவனுக்குச் சக்கை! திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். விடுவிடுவென்று போய் அந்த மேசையில் உட்கார்ந்து கையை வைத்தேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு சோறு சாப்பிட்டதில்லை. கடையில் அன்று ஆக்கிய அத்தனை பானைகளின் ருசியும் அந்த ஓர் இலையில் வந்து இறங்கியிருந்தது. என் ரசத்தின் ருசியும் அதில் இருந்தது. அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் வைத்த ரசம் அந்த இலையில் இல்லவே இல்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து நாள் பட்டினி கிடந்தவன் போல அள்ளி அள்ளித் தின்றேன்.

வெயில் இறங்கிவிட்டது. எதிர்க்கரை மங்கியது.

எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஆற்றுத் தண்ணீர் அப்படிச் சொட்டாதே என்று தலையைத் தூக்கினேன். எதிரே காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலி நனைந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. சேற்று வாடை அடித்தது.

இலையைப் பார்த்தேன்.

சோற்றுக் குவியலில் நான் என் பக்கம்தான் சாப்பிட்டிருந்தேன்.

எதிர்ப்பக்கமும் காலியாகியிருந்தது.

அங்கே நாலு விரல் வழித்த தடம் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க, இன்னொரு முறை வழித்தது.

பவளம் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யய்யோ, இன்னா பண்ணிட்டீங்க மாஸ்டர்! அந்த எலைல கை வெக்கலாமா?"

அடுப்படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்கம்மா, செல்லம்மாள். இதே கரைல கூழு ஊத்திக்கினு இருந்தாங்க, வயல்ல வேல செய்றவங்களுக்கு. வெள்ளம் வந்தப்ப அண்டாவ எடுக்கப் போனவங்க பூட்டாங்க. ஒடம்பு கெடைக்கல. ஒடம்பு கெடைக்காம கருமாதி பண்ணா உசுரோட கீறவங்கள சாவடிச்சாப்ல ஆயிடும்னு எங்கண்ணன் பண்ண வுடல. நாலு வருசமா ஒரு எல கெடையாது அவங்களுக்கு. ஓனரு போட்டோ எல போடச் சொன்னப்ப, சரி, அம்மாவுக்குன்னு நெனச்சிக்கினு தெக்கால பாத்துப் போட்டேன். இதுல இன்னா தப்பு சொல்லுங்க? அவங்களும் மொத எலய துன்னுட்டு சொம்மா இருந்தாங்க. கடைசி எலையா மாத்தனப்பறம் தான் எல்லார் எலையிலயும் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"எனக்கு இன்னாம்மா ஆவும்?"

அவள் காலித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"செத்தவங்களுக்குப் போட்ட படையல பங்காளிங்க தான துன்னணும். நீங்க துன்னுட்டீங்களே."

நாங்கள் பேசி முடித்து வெளியே வந்தபோது இலை வழித்துத் துடைத்துக் கிடந்தது. பவளம் அதை எதிர்ப்பக்கமாக மடித்து எடுத்தாள், சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி. நான் வெங்கடேசனுக்குப் போன் போட்டு, பவளத்தின்மேல் குற்றம் இல்லை, காலையிலேயே இலையைப் போடச் சொல் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். எனக்கே நம்பிக்கை இல்லாததை அவனிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் சசிரேகா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தெருமுனை வரைக்கும் வாசனை வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. ஒரு வாய் வைத்தேன், வெந்நீர். கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன், கூழாங்கல்லை வைத்த மாதிரி கிடந்தது. பச்சை மிளகாயைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர நாக்கில் ஒன்றும் வரவில்லை.

"இன்னாங்க, நல்லா இல்லியா?" என்றாள்.

"நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். முப்பது வருஷத்தில் நான் குறை சொல்லாத முதல் சாப்பாடு அது. அவள் பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை மளிகை சாமான் வந்து இறங்கியது. நாக்கு இல்லாத சமையல்காரன் முந்நூறு பேருக்கு எதை ஆக்குவது? சபையில் மார் தட்டியவன், சம்பந்தி வீட்டார் முன்னால் தலை குனிந்து நிற்கப் போகிறேன். என் மானம் போனால் போகட்டும், என் மகள் போய் வாழப் போகிற வீட்டில் காலம் முழுக்க அந்தச் சாப்பாட்டைச் சொல்லிக் காட்டுவார்களே என்று எனக்கு அழுகை வந்தது. மொட்டை மாடிக்குப் போய் பவளத்துக்குப் போன் செய்து, நாக்கு செத்துப் போனதையும் முந்நூறு பேர் சமையல் காத்திருப்பதையும் சொன்னேன்.

"இங்க எல்லாம் சரியாப் போச்சி மாஸ்டர்" என்றாள். "காலைல போடறேன், ஜனம் நல்லா சாப்டறாங்க. நீங்களும் அப்டியே பண்ணுங்க. நீங்க ஆக்கறதுல மொத எல அவங்களுக்குப் போட்டுடுங்க. தெக்கால பாத்து. உப்பு வெக்காதீங்க. வெச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துடுங்க."

"நாளைக்கு என் பொண்ணு நிச்சயம்மா. நல்ல நாள் அதுவுமா சாவு எல போடச் சொல்றியா?"

"போடலன்னா முந்நூறு பேரு எலையிலயும் எடுப்பாங்க மாஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் அடுப்பு மூட்டினேன். அளவெல்லாம் கை அறியும், அதனால் கைப்பழக்கத்தில் ஆக்கி இறக்கினேன். ருசி பார்க்கிற நேரம் வந்ததும் உதவி ஆட்களை இலை நறுக்க அனுப்பிவிட்டு, ஓர் இலையை எடுத்துக்கொண்டு சிலிண்டர்கள் அடுக்கியிருந்த பின்கட்டுக்குப் போனேன். இலையை விரித்துத் தெற்கே திருப்பினேன்.

மண்டபத்துக்குள் நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பித்தார்கள். என் மகள் பட்டுப் புடவையில் நிற்பது கண்ணில் வந்தது. எந்தத் தகப்பனுக்கு மனசு வரும், சொல்லுங்கள்?

என்னால் முடியவில்லை. இலையைக் கிழக்கே திருப்பினேன். பந்திக்குப் போடுகிற மாதிரியே ஓரத்தில் உப்பு வைத்தேன், முதலில் இனிப்பு வைத்தேன், பிறகு மற்றதெல்லாம் வரிசையாகப் பரிமாறினேன். படைப்பதுதானே முக்கியம், எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "வாங்கம்மா, வந்து சாப்டுங்க" என்று கும்பிட்டேன். வாய் தவறியோ பழக்க தோஷமோ, வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற அதே வார்த்தையில்தான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்து சாம்பாரில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டேன்.

உப்பு! புளி! பருப்பு! எல்லாம் இருந்தது. அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதுவிட்டேன். "புக கண்ணுல பட்டுடுச்சிடா" என்று ஆட்களிடம் சொன்னேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவர்கள் சிரித்தார்கள்.

முதல் பந்தியில் பூஜாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். கூடம் முழுக்க ஒரே பாராட்டு. மாப்பிள்ளையின் அம்மா ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தக் கைக்குக் காப்பு போடலாம் சம்பந்தி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிமிஷம் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

நான் போட்ட இலை அங்கே இல்லை.

சிலிண்டர் நடுவில் தரை மட்டும் ஈரமாக இருந்தது. நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஈரம் கூடத்துப் பக்கமாகவே போயிருந்தது.

பாயாச வாளியை நானே தூக்கிக்கொண்டு பந்திக்குள் வந்தேன். பூஜாவின் ஒரு பக்கம் மாப்பிள்ளை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். மறு பக்கம் நாற்காலி காலி. அதன் முன்னால் சாப்பிட்டு முடித்த இலை ஒன்று இருந்தது. தன் பக்கமாக ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள், உறவு தொடரட்டும் என்று கல்யாண வீட்டில் எல்லாரும் மடிக்கிற மாதிரி. மடிப்பில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

"பூஜா, இங்க யாரும்மா ஒக்காந்துக்கினு இருந்தது?"

"தெரியலப்பா. உனக்கு பங்காளி மொறையாம், நீதான் கூப்ட்டியாம். பாவம், எங்க நனைஞ்சாங்களோ, பொடவையெல்லாம் ஒரே ஈரம். ரொம்ப ஆசையா பேசனாங்க. கல்யாணத்துக்கும் வரேன்னாங்க. அவங்க எலையிலர்ந்தே பெசைஞ்சி எனக்கு ஒரு வாய் ஊட்டி வுட்டாங்க."

கைப்பழக்கத்தில் அவள் இலையில் ஒரு கரண்டி பாயாசம் ஊற்றினேன். எதிர் வரிசையில் யாரோ இன்னொரு கரண்டி பாயாசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். பூஜா தன் இலையிலிருந்த பாயாசத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அப்பா, சக்கர போட மறந்துட்டியா?"